ஆறும் ஆலையும் – 9: நொய்யலில் கரைந்த உப்பு

தண்ணீர் கேட்டுப் போராடும் விவசாயிகள் தமிழ்நாட்டுக்குப் புதியவர்கள் அல்ல. அணையைத் திற, கடைமடைக்கு விடு என்பது காவிரிப் படுகையில் தலைமுறை தலைமுறையாக ஒலிக்கும் குரல். கரூர் மாவட்டத்தின் நொய்யல் பாசனப் பகுதியில் மட்டும் 1990-களின் பிற்பாதியில் அந்தக் குரல் தலைகீழானது. மேலே அணையில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. அதைத் தங்கள் பக்கம் திறந்துவிட வேண்டாம் என்று ஆயக்கட்டுக்காரர்கள் மனு மேல் மனு கொடுத்தார்கள். நீதிமன்றம் வரை போனார்கள். அணையைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்களோ தேக்கி வைக்க வேண்டாம் என்றார்கள். தேங்கிய நீர் நிலத்தில் ஊறி அவர்களுடைய கிணறுகளைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

தேக்கவும் கூடாது, திறக்கவும் கூடாது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட அணையின் கதி இது. ஈரோடு, கரூர் மாவட்டங்களின் ஆயிரக்கணக்கான ஏக்கரை நனைப்பதற்காக எழுந்த அந்த அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுத் தொட்டியாகிவிட்டது.

சென்ற அத்தியாயத்தில் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளைப் பார்த்தோம். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு கோட்பாடுகளை நாட்டின் சட்டமாகவே அறிவித்தது. கேடு வருமென்று அறிவியல் முழுமையாக நிரூபிக்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பது ஒன்று. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. கேட்பதற்கு இரண்டும் எளியவை. இரண்டாவது கோட்பாட்டை ஓர் ஊரின் அன்றாட வரவு செலவுக்குள் கொண்டுவருவதற்குள் என்ன பாடு பட வேண்டியிருந்தது என்பதை நொய்யலின் கதைபோல வேறெதுவும் சொல்லாது.

மணிக்கல்லில் இருந்து பனியன் வரை

நொய்யல் பெரிய ஆறு அல்ல. கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர் கோயிலைத் தொட்டுக்கொண்டு, கோவை, திருப்பூர் நகரங்களைக் கடந்து, ஈரோடு மாவட்டத்தின் வழியே கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற பெயருள்ள ஊரிலேயே காவிரியில் கலக்கிறது. மொத்தம் சுமார் 180 கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது சீறிவரும். மற்ற மாதங்களில் மணல்தான் தெரியும். இந்தக் குணம் தெரிந்துதான் பழைய காலத்தவர்கள் வழிநெடுக அணைக்கட்டுகளையும் அவற்றோடு வாய்க்காலால் கோத்த குளங்களையும் அமைத்தார்கள். வெள்ளம் வரும் சில வாரங்களில் குளம் நிறையும். நிறைந்த குளம் ஆண்டு முழுவதும் கிணறுகளுக்கு ஊறும்.

இந்தக் கரைக்குத் தொழிலும் புதிதல்ல. சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள், இரும்பு உருக்கியதற்கும் மணிக்கற்களை அறுத்து மெருகிட்டு அணிகலன் செய்ததற்கும் ஏராளமான சான்றுகளை வெளிக்கொணர்ந்தன. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குச் சென்ற வணிகப் பாதை இந்த ஊரைத் தொட்டது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நொய்யல் கரைக்காரர்கள் வெளிநாட்டுச் சந்தைக்குச் சரக்கு செய்தவர்கள்தாம்.

நவீனத் திருப்பூரின் தொடக்கம் பருத்தி. கொங்குக் கரிசலில் விளைந்த பஞ்சு, ரயில் நிலையம், பஞ்சு அரவை ஆலைகள் என்று வளர்ந்த சந்தை ஊருக்கு, கல்கத்தாவில் வேரூன்றியிருந்த பின்னலாடைத் தொழில் 1920-களில் வந்து சேர்ந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குத் திருப்பூர் என்றால் வெள்ளைப் பனியன். உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும்தான் தயாரிப்பு. வெள்ளைப் பனியனுக்குச் சாயம் வேண்டாம், சலவை போதும். பிளீச்சிங் பவுடரில் துணியை வெளுத்து, ஆற்றங்கரையில் அலசிக் காயப்போட்டார்கள். ஆற்றுக்கு அதனால் பங்கமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டறைகள் சில டஜன்தான். மழைக்கால வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும்.

1970-களின் கடைசியில் ஐரோப்பிய வியாபாரிகள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியது வெள்ளை உள்ளாடை அல்ல, வண்ண வண்ண டி-சர்ட். 1980-களின் நடுவில் திருப்பூரின் நேரடி ஏற்றுமதி ஆண்டுக்கு 20 கோடி ரூபாயைக்கூட எட்டவில்லை. 1990-ல் ஏற்றுமதியாளர்களுக்கென்று தனிச் சங்கம் எழுந்தது. 2010 வாக்கில் ஏற்றுமதி பத்தாயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. இந்தியத் தொழில் வரலாற்றில் ஒரு சிற்றூர் இவ்வளவு வேகமாக எழுந்ததற்கு இணையான உதாரணங்கள் குறைவு.

எழுந்த விதமும் தனி. டாடாவோ பிர்லாவோ வந்து ஆலை கட்டவில்லை. மானாவாரிக் காட்டை நம்பி வாழ்ந்த கவுண்டர் குடும்பங்களிலிருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, தொழில் பழகி, நான்கு தையல் மெஷின் போட்டு முதலாளி ஆனவர்கள் ஏராளம். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் இந்தக் கவுண்டர் தொழில்முனைவோரைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதியிருக்கிறார். நூல் ஒருவரிடம், நிட்டிங் ஒருவரிடம், சாயம் ஒருவரிடம், கட்டிங், தையல், பிரின்டிங், எம்பிராய்டரி, காஜா ஒவ்வொன்றும் ஒவ்வொருவரிடம் என்று எல்லாமே ஜாப் ஒர்க். சிறிய முதலில் எவரும் நுழையலாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம்.

அதன் பலவீனம் சாயப்பட்டறையில் தெரிந்தது. டி-சர்ட்டின் விலையை முடிவு செய்பவர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் இறக்குமதியாளர். ஆர்டர் பிடிப்பவர் ஏற்றுமதியாளர். துணி அவருடையது. சாயப்பட்டறைக்காரருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலி மட்டும். கூலியைக் கூட்டிக் கேட்டால் அடுத்த தெருவில் வேறு பட்டறை இருக்கிறது. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செலவு அந்தக் கூலியில் எந்த இடத்திலும் சேரவில்லை. எனவே அது ஆற்றில் சேர்ந்தது.

கண்ணுக்குத் தெரியாதது

சாயக்கழிவு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நிறம். காலையில் சிவப்பாகவும் மாலையில் நீலமாகவும் ஓடிய நொய்யலின் படங்கள் பத்திரிகைகளில் வராத ஆண்டில்லை. உண்மையில் நிறம் அவ்வளவு பெரிய எதிரி அல்ல. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டுக் கலக்கினால் சாயத்தில் பெரும்பகுதி வண்டலாகப் படிந்துவிடும். பிரச்சினை உப்பு.

பருத்திக்கு ஏற்றுவது ரியாக்டிவ் சாயம். நீரில் கரைந்த சாயமும் நனைந்த பருத்தி இழையும் ஒரே மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். இந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவதற்கு உப்பு வேண்டும், சாதா உப்போ கிளாபர் உப்போ. சாயம் இழையில் ஏறிய பிறகு சோடா போட்டு நிலைநிறுத்துவார்கள். கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களுக்குத் துணியின் எடையில் பாதிக்கும் மேல் உப்பு போகும். அந்த உப்பில் ஒரு துளிகூடத் துணியில் தங்குவதில்லை. சாயத்தைத் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கும் மேல் தண்ணீர் செலவழிந்த காலம் அது.

1990-களில் பட்டறைகளின் எண்ணிக்கை எழுநூறைத் தாண்டியது. நாளொன்றுக்கு எட்டு கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீர் வெளியேறியது. ஆற்றில் விடும் நீரில் கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. சாயக்கழிவில் அது ஐயாயிரம், ஆறாயிரம் என்று இருந்தது. லிட்டருக்கு ஐந்து கிராம் என்றே வைத்துக்கொண்டாலும் எட்டு கோடி லிட்டரில் 400 டன் உப்பு. ஒரு நாளைக்கு. வெயில் அடித்தால் ஆவியாகாது, மட்காது, நுண்ணுயிர் எதுவும் தின்னாது. ஆற்று மணலில் இறங்கி, நிலத்தடி நீரில் கலந்து, கிணற்றின் வழியாக வயலுக்கு ஏறி, மண்ணை இறுக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது கதையின் மறுபக்கம். திருப்பூரின் சொந்தக் கிணறுகள் கெட்ட பிறகு பட்டறைகள் டேங்கர் லாரியை நம்பின. சுற்றுவட்டாரக் கிராமங்களில் நல்ல ஊற்றுள்ள கிணற்றுக்காரர்கள் தண்ணீரை லோடு கணக்கில் விற்றார்கள். வெங்காயம் போட்டு விலையில்லாமல் தவிப்பதைவிட இது லாபம். இப்படி, நொய்யல் பகுதி விவசாயிகளில் ஒரு சாரார் தண்ணீர் விற்றுப் பிழைத்தார்கள். இன்னொரு சாரார் அதே தண்ணீர் உப்பாகித் திரும்பி வந்ததில் வெள்ளாமையை இழந்தார்கள். ஒரே குடும்பத்தில் ஒரு பிள்ளை பனியன் கம்பெனியிலும் இன்னொரு பிள்ளை காட்டிலும் இருந்த வீடுகளும் உண்டு. விவசாயி ஒரு பக்கம், தொழிலதிபர் மறுபக்கம் என்று கோடு கிழித்து இந்தச் சண்டையைச் சொல்லிவிட முடியாது.

டேங்கர்த் தண்ணீர் கட்டுப்படியாகாமல் போகவே, பவானி அருகே ஆற்றில் எடுத்துக் குழாயில் கொண்டுவரும் திட்டம் பிறந்தது. சுமார் ஆயிரம் கோடி ரூபாயில், தனியார் பங்கேற்புடன், புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சிக் கழகம் என்ற நிறுவனம் அதைக் கட்டியது. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொள்ளளவுடன் 2005 வாக்கில் அது ஓடத் தொடங்கியது. பட்டறைகளுக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய், அதாவது லிட்டர் நாலரைப் பைசா. தண்ணீர் உள்ளே வருவதற்கு ஒரு விலை வந்துவிட்டது. வெளியே போவதற்கு விலை வைக்கும் வேலையை வேறொருவர் செய்யவேண்டியிருந்தது.

லிட்டருக்கு ஆறு பைசா

அந்த வேறொருவர், சென்னை உயர் நீதிமன்றம்.

1996 முதல் நொய்யல் வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே வந்தன. முதல் சுற்றில் நீதிமன்றம் கேட்டது எளிய கோரிக்கை: ஒவ்வொரு பட்டறையும் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டும், அல்லது பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வேண்டும். இரண்டும் செய்யாத நூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. மற்றவர்கள் மத்திய, மாநில மானியத்தோடு கூட்டாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டினார்கள். பல கோடி ரூபாய் செலவானது. நிறம் போயிற்று, நாற்றம் குறைந்தது. டி.டி.எஸ். அப்படியே இருந்தது. அந்த நிலையங்களின் தொழில்நுட்பத்துக்கு உப்பைப் பிரிக்கும் சக்தியே கிடையாது. பட்டறைக்காரர்கள் கடன் வாங்கிக் கட்டியதும், விவசாயிகள் எதிர்பார்த்ததும் ஒன்றாகவே வீணாயின.

பாலாற்று வழக்கின் விளைவாக உருவான சூழல் இழப்பீட்டு ஆணையம் நொய்யலையும் கையில் எடுத்தது. கிணறு கிணறாக நீரைச் சோதித்து, பாதிப்பைத் தரம் பிரித்து, 2004 டிசம்பரில் அது வழங்கிய தீர்வில் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. பங்கு போட்டால் ஒரு குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. ஆயினும் உப்பேறிய கிணற்றுக்கு அரசு ஏட்டில் ஒரு ரூபாய் மதிப்பு எழுதப்பட்டது.

இதற்கிடையே 2005 ஜனவரி 1-ல் உலக ஜவுளி வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தது. இனி எந்த நாடும் எவ்வளவும் ஏற்றுமதி செய்யலாம். சீனாவோடும் வங்கதேசத்தோடும் நேருக்கு நேர் மோதும் தருணம். திருப்பூர் விரிவாக்கத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த அதே நேரத்தில், நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003-ல் தொடுத்திருந்த வழக்கு இறுதிக்கட்டத்துக்கு வந்தது.

2006 டிசம்பர் 22 அன்று வந்த உத்தரவு திருப்பூரின் காலண்டரையே மாற்றியது. இனி ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே வரக் கூடாது. திருப்பூரில் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கிய சொல்லில், ஜீரோ டிஸ்சார்ஜ். அதற்கு 2007 ஜூலை 31 வரை அவகாசம். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஆறு பைசா அபராதம். மாதங்கள் போகப் போக எட்டு பைசா, பத்து பைசா. நாலரைப் பைசா கொடுத்து உள்ளே எடுத்த தண்ணீரை வெளியே விட ஆறு பைசா. எட்டு கோடி லிட்டருக்கு அது நாளொன்றுக்கு 48 லட்ச ரூபாய். ஒரத்துப்பாளையம் அணையைச் சுத்தம் செய்யும் செலவும் பட்டறைகள் தலையில் விழுந்தது.

சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். லட்சக்கணக்கானோருக்கு வேலை தருகிறோம், அந்நியச் செலாவணி ஈட்டுகிறோம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. 2009 அக்டோபர் 6 அன்று வந்த தீர்ப்பு அந்தப் பங்களிப்பை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதையே காரணமாகக் காட்டி மாசுபடுத்தும் உரிமை கேட்க முடியாது என்றது. மேலும் மூன்று மாத அவகாசம் கொடுத்தது. மூன்று மாதம் ஓராண்டானது. பெரும்பாலான நிலையங்களில் உப்பைப் பிரிக்கும் பணி முழுமையடையவில்லை. மழை பெய்யும் இரவுகளில் வாய்க்காலைத் திறந்துவிடும் பழக்கமும் நின்றபாடில்லை. விவசாயிகள் அவமதிப்பு மனுவோடு மீண்டும் உயர் நீதிமன்றத்தில் நின்றார்கள்.

2011 ஜனவரி 28. திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் உடனடியாக மூடுமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன.

சாயம் நின்றால் எல்லாம் நிற்கும். நிட்டிங்கில் பின்னிய துணி ரோல் ரோலாகத் தேங்கியது. பெரிய ஏற்றுமதியாளர்கள் துணியை வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் லாரியில் அனுப்பிச் சாயமேற்றி வாங்கினார்கள். கூலியும் நாளும் கூடின, நிறம் ஒத்துவராத சிக்கல் தனி. சிறியவர்களுக்கு அந்த வழியும் இல்லை. வெளிமாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்திருந்த தொழிலாளர்கள் ஊருக்கு ரயில் ஏறினார்கள். பட்டறைகளை நம்பிக் கட்டிய ஆயிரம் கோடித் தண்ணீர்க் குழாய்த் திட்டமும் வாடிக்கையாளர்களை இழந்து தள்ளாடியது. சட்டமன்றத் தேர்தலும் அப்போதுதான் வந்தது. திருப்பூரில் பேசியவர்கள் எல்லோரும் சாயப்பட்டறையைப் பற்றித்தான் பேசினார்கள்.

உப்பைத் திரும்ப எடுத்தவர்கள்

மூடல் உத்தரவுக்கு முன்பே ஜீரோ டிஸ்சார்ஜ் கருவிகள் திருப்பூரில் இருந்தன. உயிரியல் முறையில் கழிவைச் சுத்தம் செய்து, ஆர்.ஓ. சவ்வுகளின் வழியே அழுத்தினால் எண்பது சதவீதத்துக்கும் மேல் நல்ல தண்ணீர் கிடைத்துவிடும். மீதி இருப்பது அடர்ந்த உப்புநீர். அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி உப்பாக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் சறுக்கினார்கள். ஆவியாக்கிகள் அடைத்துக்கொண்டன, அரித்துப்போயின, விறகையும் மின்சாரத்தையும் விழுங்கின. அறிவித்த திறனில் பாதியைக்கூட எட்டவில்லை.

முட்டுக்கட்டையை உடைத்தது ஒரு சிறு மாற்றம். அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனம் முன்னின்று செய்துபார்த்த முறை அது. உப்புநீர் முழுவதையும் ஏன் ஆவியாக்க வேண்டும்? சாயமேற்றுவதற்குத் தேவைப்படுவதே உப்புநீர்தானே? நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிவிட்டு, அந்த உப்புநீரில் ஒரு பகுதியைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பினார்கள். பட்டறைக்காரர்களுக்குப் புது உப்பு வாங்கும் செலவு குறைந்தது. ஆவியாக்கியின் சுமையும் இறங்கியது. எஞ்சியதிலிருந்து கிளாபர் உப்பைப் படிகமாகப் பிரித்தெடுத்து மறுபடியும் சாயத்துக்கே விற்க முடிந்தது. 2011-ல் பதவியேற்ற ஜெயலலிதா அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் ஒதுக்கியது. அடுத்தடுத்த மாதங்களில் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி பெற்று, நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பட்டறைகளுக்குள்ளும் மாற்றம் நடந்தது. பழைய வின்ச் தொட்டிகள் போய், குறைந்த தண்ணீரில் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள் வந்தன. தண்ணீருக்கும் கழிவுக்கும் விலை வந்துவிட்ட பிறகு, ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் பார்ப்பது முதலாளிக்கே லாபமாகிவிட்டது. சுத்திகரிப்புச் செலவு கிலோ கூலியில் ஏறியது. ஏற்றுமதியாளர் முனகினாலும் கொடுத்தார், ஏனெனில் அடுத்த தெருப் பட்டறையிலும் இப்போது அதே கூலிதான். எல்லாப் பட்டறைகளையும் ஒரே நாளில் மூடி, எல்லோருக்கும் ஒரே விதி வைத்ததால் நடந்தது இது. பத்து ஆண்டுகளாகத் தனித்தனி நோட்டீஸ்களால் நடக்காதது.

திருப்பூர் அழிந்துவிடும் என்ற ஆரூடம் பலிக்கவில்லை. 2024-25-ல் அதன் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். மூடல் நடந்த ஆண்டைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஐரோப்பியக் கம்பெனிகள் சுற்றுச்சூழல் சான்றிதழ் கேட்கும் இந்தக் காலத்தில், ஜீரோ டிஸ்சார்ஜையே விளம்பரமாக வைத்து ஆர்டர் பிடிக்கிறார்கள் திருப்பூர்க்காரர்கள்.

வெற்றிக் கதையாக இதோடு முடித்துவிட முடியாதபடி சில கணக்குகள் பாக்கி நிற்கின்றன. கிளாபர் உப்பைப் பிரித்த பிறகும் கடைசியில் ஒரு கலப்பு உப்பு மிஞ்சுகிறது. அதை வாங்க ஆளில்லை, கொட்ட இடமில்லை. நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஆவியாக்கிக்கு எரிக்கும் விறகின் புகை ஆற்றில் கலக்காது, காற்றில் கலக்கும். இந்தச் செலவைத் தாங்க முடியாத சிறு பட்டறைகள் பல மறுபடியும் திறக்கவே இல்லை. நாலு மெஷின் போட்டு முதலாளி ஆகும் பழைய திருப்பூரில் சாயத் தொழில் மட்டும் பணக்காரர்களுக்குரியதாகிவிட்டது. கீழ்நொய்யல் கிணறுகளில் இறங்கிய உப்போ, புதிதாக எதுவும் சேராவிட்டாலும், நல்ல மழை பல பெய்து கரைத்தால்தான் குறையும். 2004-ல் கணக்கிட்ட இழப்பீடு அதற்குப் பிறகு கெட்டுக்கிடந்த ஆண்டுகளைச் சேர்க்கவில்லை.

இன்னொரு பாக்கி, மற்ற ஊர்களுடையது. ஜீரோ டிஸ்சார்ஜை நாடு முழுவதும் ஜவுளித் துறைக்குக் கட்டாயமாக்கும் வரைவு அறிவிப்பை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015-ல் வெளியிட்டது. மற்ற மாநிலங்களின் ஜவுளித் துறையினர் எதிர்த்தார்கள். 2016-ல் இறுதி விதிகள் வந்தபோது எல்லோருக்குமான கட்டாயம் அதில் இல்லை. நொய்யல் கரையில் உப்பைப் பிரித்துச் சாயமேற்றும் திருப்பூர்க்காரர், உப்பை ஆற்றோடு விட்டுச் சாயமேற்றும் வெளிமாநிலத்துக்காரரோடு அதே இறக்குமதியாளரிடம் விலைப் போட்டி போடுகிறார். அருள்புரத்தில் கண்டுபிடித்த வழி தொழில்நுட்பக் கேள்விக்குப் பதில் சொன்னது. ஒரே விதி என்ற கேள்விக்கு டெல்லி இன்னும் பதில் சொல்லவில்லை.

திருப்பூரில் கெடுபிடி கூடிய ஆண்டுகளில் சாயத் தொழிலில் ஒரு பகுதி கண்காணிப்பு தளர்ந்த பக்கம் நகர்ந்தது. அப்படி நகர்ந்தவர்கள் போன திசைகளில் ஒன்று வடகிழக்கு. ஈரோட்டில் பவானி ஆற்றிலிருந்து பிரியும் ஒரு கால்வாயின் கரையில் ஏற்கெனவே தோல் ஆலைகளும் சாயப்பட்டறைகளும் நெருக்கிக்கொண்டிருந்தன. அந்தக் கால்வாய் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. வெட்டியவர் பெயர் காலிங்கராயன். கழிவு அதில் கலக்காமல் தடுக்க, அதன் கரையை ஒட்டியே இன்னொரு கால்வாயை அரசு கட்ட நேர்ந்தது. பேபி கால்வாய் என்று ஈரோட்டுக்காரர்கள் அழைக்கும் அந்தத் திட்டம் எதற்குப் பயன்பட்டது, எதற்குப் பயன்படவில்லை என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)